காலாவதியான நிர்வாகி

எங்கள் வீட்டுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் நான்தான். நம்பாதவர்கள் எங்கள் கம்ப்யூட்டரைக் கேட்டுப் பாருங்கள். வேறு யாரையும் கேட்டுவிடாதீர்கள், சிரிப்பார்கள்.

டிவி ரிமோட் மனைவியிடம். பீரோ சாவி மனைவியிடம். சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்கிற ராணுவ ரகசியமும் அவளிடம்தான். எனக்கென்று வாய்த்த ஒரே ராஜ்யம் ஹால் மூலையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர். வாங்கிய அன்றே என்னை அட்மினிஸ்ட்ரேட்டராகவும் அவளைச் சாதாரணப் பயனாளராகவும் அதில் பதிவு செய்துவிட்டேன். அவள் புதிதாக எதையாவது ஏற்ற நினைத்தால், "நிர்வாகியின் அனுமதி தேவை" என்று திரையில் வந்து நிற்கும்.

"ஏங்க, இது உங்களைத்தான் கேக்குது" என்று கூப்பிடுவாள்.

நான் உடனே போய்விட மாட்டேன். பேப்பரை மடித்து, கண்ணாடியைத் துடைத்து, ஒரு முறை இருமி, பிறகு போவேன். விரல்ரேகை படிப்பதற்கென்றே வாங்கி வைத்த குட்டிப் பெட்டியில் கட்டைவிரலை வைப்பேன். கம்ப்யூட்டர் பணிந்துவிடும். இவ்வளவு படித்தும் கைநாட்டுதானா என்று அவள் ஒரு தடவை கேட்டாள். பொறாமை.

இந்த நிலையில்தான் அலுவலகத்தில் என்னைக் கணினிப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனவன் சும்மா திரும்பி வந்திருக்கலாம். வீட்டிலும் சட்டதிட்டம் கொண்டுவந்தேன். பாஸ்வேர்டு குறிப்பிட்ட நாளில் காலாவதியாகும். புதியது பழைய எதைப்போலவும் இருக்கக் கூடாது. தப்பாக அடித்தால் கதவு சாத்திக்கொள்ளும். எல்லாம் மனைவியை மடக்குவதற்காகப் போட்டவை. அவள் தேதி தவறாமல் மாற்றிக்கொண்டே வந்தாள். கட்டைவிரல் இருக்கிற தைரியத்தில் நான் மட்டும், "உங்கள் கடவுச்சொல் விரைவில் காலாவதியாகும்" என்று வந்த எச்சரிக்கைகளை எல்லாம் ஈ ஓட்டுவதுபோல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டைவிரலை வைத்தேன். ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். ம்ஹூம். "கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. பழைய கடவுச்சொல்லை இட்டுப் புதியதை அமைக்கவும்" என்றது.

பழைய கடவுச்சொல்லா? அது என்ன எழவு என்று யாருக்குத் தெரியும்?

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஏனென்றால் மறுநாள் காலை அலுவலகத்தில் அத்தனை பேர் முன்னாலும் நான் உரையாற்ற வேண்டும். உரைக்கான ஸ்லைடுகள் அந்தக் கம்ப்யூட்டருக்குள், என் கணக்குக்குள் இருக்கின்றன. சாயங்காலத்துக்குள் மேலாளருக்கு அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் பாதுகாப்புப் பிரிவுக்கே என்னைத் தலைவனாக்குவதாகச் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் அந்த நாற்காலி பக்கத்து மேஜைக்காரனுக்கு. அவன் இப்போதே அதற்கு மெத்தை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உரையின் தலைப்பு: "கடவுச்சொல்லைப் பேணுவது எப்படி?"

அலுவலகக் கம்ப்யூட்டர் ஆட்களிடம் உதவி கேட்க முடியுமா? மானம் கப்பலேறிவிடும். மாடிக்குப் போய் எதிர்வீட்டுக் கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமே இல்ல சார். மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம்."

"உள்ள இருக்கிறது?"

"உள்ள இருக்கிறதும் போயிடும். சுத்தமா ஆயிடும் சார்."

"நான் சுத்தம் பண்ணக் கூப்பிடலைய்யா!"

"அப்ப ஒரே வழிதான். கீழ ‘மறந்துவிட்டீர்களா?’ன்னு சின்னதா இருக்கும். அதை அமுக்குங்க. நீங்க வச்ச கேள்வியை அது உங்களையே கேக்கும். பதில் சொன்னாத் திறந்துடும்."

மனைவிக்குத் தெரியாமல் காரியத்தை முடிப்பது என்று சபதம் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி இறங்கி வந்து அமுக்கினேன். மூன்று கேள்விகள் வந்து நின்றன.

மனைவியின் பிறந்த நாள்?
மனைவிக்குப் பிடித்த நிறம்?
மனைவிக்கு மிகவும் பிடித்த உணவு?

வைத்தவன் நான்தான். "உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக வையுங்கள்" என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். என் மனைவியைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யார் என்று அன்றைக்கு ஒரு மிதப்பு. பதில்களை அப்போது மளமளவென்று அடித்ததும் நினைவிருக்கிறது. என்ன அடித்தேன் என்பதுதான் நினைவில்லை.

பிறந்த நாளை நான் மனசில் சுமப்பதில்லை. வருஷம் ஒருமுறை என் போன் அலறும், நான் கேக்கோடு வருவேன். அந்த அலறலை என் போனில் ஏற்றி வைத்ததே அவள்தான். அதை நோண்டிப் பார்த்தேன், அகப்படவில்லை. குத்துமதிப்பாக ஒரு தேதி, பெண்களுக்குச் சிவப்பு பிடிக்கும் என்பதால் சிவப்பு, இனிப்பு என்று போட்டேன். மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் திறக்கும். எது தப்பு என்று சொல்லாது. "தவறு. அரை மணி நேரம் கழித்து முயலவும்" என்றது. நான் போட்ட சட்டம்தான்.

சமையலறைக்குப் போனேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்குப் பிடிச்ச கலர் எது?"

கத்தி நின்றது. "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"கலர் கேட்டா ஒரு குத்தமா? புருஷன் பொண்டாட்டிகிட்ட கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம். கல்யாணமான புதுசுல கேட்டிருக்கலாம். இப்பக் கேட்டா பயமா இருக்கு."

"சும்மாத்தான். துணி எடுக்கலாம்னு."

"பச்சை."

"பச்சையா!"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"தாராளமா இருக்கலாம்" என்றேன். "அப்புறம்... உன் பிறந்த நாள் இந்த வருஷம் எந்தக் கிழமையில வருதுன்னு பாத்தியா?"

"இல்லையே. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன கிழமை?"

எனக்கு வியர்த்தது. "நீ தேதியைச் சொல்லு, நான் கிழமையைச் சொல்றேன். ஒரு விளையாட்டு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் நீர். வெங்காயம்தான். "மார்ச் ஒன்பது" என்றாள்.

"கரெக்ட்!" என்றேன்.

"கிழமையைச் சொல்லலையே?"

"அதை அப்புறம் சொல்றேன். உனக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு என்ன?"

"சுடச்சுட, வேற யாராவது செஞ்சு, நான் உக்காந்திருக்கிற இடத்துக்குக் கொண்டாந்து வைக்கிறது எதுவா இருந்தாலும் பிடிக்கும்."

"அதுக்குப் பேரு என்ன?"

"பேரு தெரியாது. பாத்ததில்ல."

தலைதெறிக்க ஓடினேன். அரை மணி ஆகும்வரை கம்ப்யூட்டர் முன்னால் தேவுடு காத்தேன். பச்சை போட்டேன். மார்ச் ஒன்பது போட்டேன். உணவு என்ற இடத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, "சுடச்சுட வேறு யாராவது செய்தது" என்று முழுசாக அடித்தேன். தவறு என்றது. அடுத்த அரை மணி கழித்து "சூடான உணவு" என்றேன். தவறு. அதற்கடுத்த முறை வெறும் "சூடு" என்றேன். அதற்கும் தவறு என்றது.

இதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது. மேலாளர் போனில் வந்தார். "என்னய்யா, ஸ்லைடு வரலையே? பக்கத்து மேஜைக்காரர் தன்கிட்டயும் ஒரு உரை தயாரா இருக்குன்னு இப்பத்தான் போன் பண்ணினார்."

"கடைசியா ஒரு தடவை மெருகேத்திக்கிட்டிருக்கேன் சார்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் மேல் இல்லை, மனைவி மேல். இயந்திரம் பொய் சொல்லாது. பதிலை ஏற்றியவனோ பயிற்சி பெற்றவன். அப்படியென்றால் தப்பு எங்கே? தகவல் கொடுத்த இடத்தில்தான்! நேராகச் சமையலறைக்குப் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பச்சைதானா?"

"ஆமா."

"அவசரப்படாத. நிதானமா யோசி."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? எனக்குப் பிடிச்ச கலர் எனக்குத் தெரியாதா?"

"உனக்குப் பச்சை பிடிக்காது!"

"என்னது?"

"பிறந்த நாளும் தப்பாச் சொல்றே. உங்க அம்மாகிட்ட ஒரு தடவை நல்லாக் கேட்டுப் பாரு."

"அம்மா சொன்ன தேதிதாங்க அது. தப்புன்னு யாரு சொன்னது?"

"கம்ப்யூட்டரே ஒத்துக்க மாட்டேங்குது!" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் குழாயை நிறுத்தினாள். கையைத் துடைத்தாள். ஹாலுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். வேறு எங்கே போவது?

அரை மணி முடிந்து திரையில் மறுபடி வந்திருந்த மூன்று கேள்விகளையும் நிதானமாகப் படித்தாள். பாஸ்வேர்டு போன கதையையும் ஸ்லைடு கதையையும் மென்று முழுங்கிச் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரியான பதிலைப் போட்டா இது எப்படிங்க திறக்கும்? வச்சது நீங்களாச்சே."

"அதனாலதான் சரியாப் போடணும்னு..."

"நீங்க என்ன வச்சிருப்பீங்கன்னு பாக்கணும். கலர், நீலம்."

"எப்படிச் சொல்றே?"

"திரைச்சீலை நீலம். சுவர் நீலம். எனக்கு எடுத்துக் குடுத்த துணி பூரா நீலம். உங்களுக்குப் பிடிச்சது எனக்கும் பிடிக்கும்னு முடிவு பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு!" அடித்தாள். "பிறந்த நாள்..." கொஞ்சம் யோசித்தாள். பிறகு எங்கள் கல்யாணத் தேதியை அடித்தாள்.

"அது கல்யாண நாளாச்சே!"

"ஆமா. நான் பொறந்ததே உங்களைக் கட்டிக்கிறதுக்குத்தான்னு நினைக்கிற ஆளுதானே? உங்க கணக்குல அதுக்கு முன்னாடி எனக்கு ஏது தேதி?"

மூன்றாவதுக்கு அவள் யோசிக்கவே இல்லை. ஒரு சொல்லை அடித்தாள். எட்டிப் பார்த்தேன்.

"மிச்சம்."

"மிச்சமா? அது என்ன சாப்பாடு?" என்று நான் கேட்பதற்குள் கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. மூன்றும் சரி. வாழ்த்துகள் என்றுகூடச் சொன்னது.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பதிலை அடித்த அன்று தலையைத் திருப்பிச் சமையலறையைப் பார்த்தேன். நான் சாப்பிட்டு முடித்த பிறகு, முதல் நாள் மீந்ததைச் சட்டியோடு எடுத்து வைத்துக்கொண்டு அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தினமும் அதைத்தானே சாப்பிடுகிறாள், ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது என்று அடித்துவிட்டேன். கூர்ந்து கவனிக்கிற கணவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது. இப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. காது சுட்டது.

"உனக்கு அது பிடிக்கும்னு நெஜமாவே நினைச்சேன்" என்றேன்.

"தெரியும். அதனாலதானே அடிச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மளிகைச் சாமான் பேர் சொல்வதுபோல் சொன்னாள்.

"பழையதெல்லாம் இருக்கட்டும், முதல்ல ஸ்லைடை அனுப்புங்க" என்றாள். அனுப்பினேன். அனுப்பும்போது தலைப்பை அவள் படித்துவிட்டாள். சிரிக்க ஆரம்பித்தவள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேலாளரிடமிருந்து உடனே பதில் வந்தது: "பிரமாதம். இவ்வளவு ஜாக்கிரதையான ஆள்தான் நமக்கு வேண்டும்." அதைப் படித்ததும் மறுபடி சிரித்தாள்.

நாற்காலி தப்பித்தது. மானமும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது. புதுப் பாஸ்வேர்டை நானே அமைத்தேன். அவள் கேட்காமலே திரும்பி நின்றாள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த திரை வந்தது. "பாதுகாப்புக் கேள்விகளுக்குப் புதிய பதில்களை அமைக்கவும்."

"அதை நான் போட்டுடறேன்" என்றாள். "நீங்க போய்ச் சூடா ஏதாவது செஞ்சு கொண்டாங்க."

மறுபேச்சு உண்டா? போனேன். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பாதி நேரம் போனது. உப்பா சர்க்கரையா என்று நக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவழியாக ஒரு முட்டையைப் பாதி கருகப் பொரித்து, தட்டோடு ஹாலுக்கு வந்தபோது அவள் வேலையை முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஆனாலும் நிர்வாகி நிர்வாகிதானே? கொஞ்சம் கம்பீரத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"என்ன பதில் போட்டே? எனக்குத் தெரிய வேணாமா? நாளைக்கு மறுபடியும் மறந்துட்டா?"

"கவலையே படாதீங்க. உங்களுக்கு மறக்காத மாதிரிதான் போட்டிருக்கேன். கேள்வி அதே மூணுதான். மூணுக்கும் ஒரே பதில்."

"என்ன அது?"

இன்னொரு வாய் எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"தெரியாது."