பெயர் கேட்கக் கூடாத ஆட்டக்காரர்

வேல்ஸிலிருந்து கார்டிஃப் ரயில் வந்து பத்து நிமிடமாகியும் ஹோரஸ் கிரீவ்ஸ் பிளாட்பாரத்தில் நின்று எல்லோருடைய மூக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அகன்ற தோள், உடைந்த மூக்கு. பெயரைக் கேட்காதே." ஆட்டக்காரரைப் பிடித்துத் தருகிற தரகரின் கடிதத்தில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

ஹோரஸ் எங்கள் ஊர் லீக் ரக்பி கிளப்பின் செயலாளர். 1951 பருவத்தில் நாங்கள் வரிசையாகப் பதினோரு ஆட்டம் தோற்றிருந்தோம். தோற்பதில் யார்க்‌ஷயரிலேயே எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கசாப்புக்கடை எனோக் தார்ப்தான் கிளப் தலைவர். அவர் முந்தின நாளே சொல்லிவிட்டார்:

"ஏம்பா ஹோரஸ், நாளைக்கு வர்றவனும் சொதப்பினா நான் வேற செயலாளரைப் பாத்துக்கறேன்."

அந்தப் பதவி போனால் ஹோரஸுக்குச் சனிக்கிழமைகளில் போக்கிடம் இல்லை. வீட்டில் மாமியார் இருந்தார்.

வருகிறவர் வேல்ஸில் யூனியன் ரக்பி ஆடுகிறவர். யூனியன்காரர்கள் காசு வாங்காமல் ஆடும் கனவான்கள்; லீக் ஆடும் நாங்கள் காசுக்கு ஆடுகிறவர்கள். அந்தப் பக்கத்து ஆள் எங்கள் மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியது தெரிந்தாலும் போதும், யூனியனில் அவரை ஆயுளுக்கும் தள்ளிவைத்துவிடுவார்கள். அதனால் சோதனைக்கு ஆட வருகிறவரை ஒளித்துத்தான் ஆடவைப்போம். ஆட்டக்காரர் பட்டியலில் 'வேறொருவர்' என்று அச்சடிப்போம்.

கடைசியில், அகலமான ஒரு மனிதர் ஹோரஸின் பக்கம் வந்தார். மூக்கு இடதுபுறம் திரும்பியிருந்தது.

"வேல்ஸா?" என்றார் ஹோரஸ் மெதுவாக.

"ஆமா. ஆனா நான் வந்தது—"

"உஷ்! ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு எதுவுமே தெரிய வேணாம்."

மைதானத்துக்குப் போகும் வழியில் மீன்வறுவல் வாங்க நின்றவர்களின் வரிசை குறுக்கே நின்றது. "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றார் வந்தவர். அந்த ராகத்தைக் கேட்டு நாலு தலைகள் திரும்பின.

"வேல்ஸ்காரன் பேச்சு மாதிரி இருக்கே!"

ஹோரஸ் தன் கழுத்துக் கம்பளித் துண்டை உருவி, அவருடைய தாடையிலிருந்து உச்சந்தலை வரை இறுக்கிக் கட்டினார். "பல்வலி. பேச முடியாது, பாவம்."

ஹோரஸ் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். அது மைதானம் வரைக்கும்தான் நீடித்தது. உடைமாற்றும் அறை வாசலில் எங்கள் ஊர்ப் பல் டாக்டர் பிக்கர்ஸ்கில் கைப்பையோடு நின்றிருந்தார்.

"பல்வலியா? உக்காரு தம்பி."

"வேணாம் டாக்டர், ஆட்டம் முடியட்டும்" என்றார் ஹோரஸ்.

"நான் இருக்கும்போது பல்வலியோட ஆடறதா? ஊர் என்ன சொல்லும்?"

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் பிக்கர்ஸ்கில் காதில் விழுந்த ரகசியம் மாலைப் பத்திரிகைக்கு முன்னால் ஊரைச் சுற்றிவிடும். ஹோரஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்தவர் கையையும் காலையும் உதறினார். மூன்று ஆட்டக்காரர்கள் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பல் வந்தது.

டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது நல்லா இருக்கே! அப்ப பக்கத்துப் பல்லாத்தான் இருக்கும்."

இரண்டாவதும் வந்தது.

"கிளப்புக்காகப் பொறுத்துக்குங்க" என்று ஹோரஸ் கண்கலங்கினார். வந்தவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டாக்டர் பஞ்சை அடைத்தார். பிறகு ஜெர்சியை மாட்டி, யாருடைய பூட்ஸையோ திணித்து, மைதானத்துக்குள் தள்ளிவிட்டார்கள்.

முதல் பந்து கைக்கு வந்ததும் அவர் ஒரு கணம் எங்கள் பெஞ்சைப் பார்த்தார். அங்கே ஹோரஸ் இருந்தார், டாக்டர் இருந்தார், எட்டிப் பிடிக்க வழியில்லை. எதிரணிதான் கிடைத்தது. இரண்டு பல்லுக்கான கோபத்தையும் அவர்கள்மேல் தீர்த்துக்கொண்டார். நாலு பேரை மிதித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார். அப்படி மூன்று தடவை.

பதின்மூன்று புள்ளிக்கு ஐந்து. ஜெயித்தோம்! ஜெயித்தால் என்ன கத்துவது என்று மறந்துபோயிருந்ததால் பாதிப்பேர் வழக்கம்போலத் திட்டிக்கொண்டே கைதட்டினோம்.

"ஹோரஸ், நீ சாகறவரைக்கும் நீதான்யா செயலாளர்!" என்று தார்ப் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒப்பந்தப் படிவத்தை மேசைமேல் விரித்தார். "தம்பி, இனிமே பேரைச் சொல்லலாம்."

வந்தவர் பஞ்சை எடுத்துத் துப்பினார்.

"ஸ்டேஷன்ல மூக்கு உடைஞ்ச இன்னொருத்தன் இருந்தான். என்னைப் பாத்ததும் அதே ரயில்ல திரும்ப ஏறிட்டான்."

ஹோரஸ் அவர் பக்கம் நகர்ந்தார். "உங்களைப் பாத்து அவன் ஏன் ஓடணும்?"

"இங்க திருட்டுத்தனமா ஆடறவன் பேரை எழுதியனுப்பச் சொல்லித்தான் யூனியன்ல என்னை அனுப்பினாங்க, இப்ப எழுதறதுக்கு என் பேரு ஒண்ணுதான் இருக்கு, அந்தப் படிவத்தை இப்படிக் குடுங்க."