வலது குதிகாலில் ஒரு சக்கரம்

டயர் கடைக்கு மேலே இருந்த வாடகை மண்டபத்தில் அந்த ஒரு வாரத்தில் முந்நூறு அரசர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். லாரி டிரைவர் ஒரு பேரரசர். வங்கிக் குமாஸ்தா கடல்வரை ஆண்டவர். பல் டாக்டர் யானைப்படை வைத்திருந்தவர். போன பிறவியில் வயலில் வேலை செய்தவன், வரி கட்டியவன் என்று ஓர் ஆள்கூட அகப்படவில்லை. பாவம், அந்த அரசர்கள் யாரைத்தான் ஆண்டார்களோ!

கண்டுபிடித்தவர் ராஜமுனி. போன பிறவியில் தாமும் முடியைத் துறந்து காட்டுக்குப் போனவர் என்று அவரே சொல்லிக்கொண்டார். பட்டு விரித்த தவப்பலகையில் வலது காலை மட்டும் ஊன்றிப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். அந்தக் காலத்து அரசர்கள் அப்படித்தானே தவம் செய்தார்கள்! குதிகால் வலித்தால் பாவம் கரைகிறது என்று அர்த்தம். பிறகு முனி கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் குதிகாலைத் தடவுவார். சக்கர ரேகை தட்டுப்பட்டால் அரசர். எல்லோருக்கும் தட்டுப்பட்டது.

செருப்புக்கடைக்காரருக்கும் தட்டுப்பட்டது. அதுதான் வினை. போன பிறவியில் அரைகுறையாக விட்ட தவம் முடிய, இந்தப் பிறவியில் அவர் தம் ராஜ்யத்தைத் துறக்க வேண்டுமாம். அவருடைய ராஜ்யம் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கடையும் மேலே குடியிருக்கும் ஒற்றை அறையும்தான். வெள்ளிக்கிழமை அதை ஆசிரமத்துக்கு எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் மனைவி தைத்துக்கொண்டிருந்த செருப்பைக் கீழே வைத்தாள். அந்தக் கடையில் பாதிச் செருப்பு அவள் தைத்தது.

"எங்க, காலைக் காட்டுங்க."

காட்டினார். வெடிப்பு மட்டும் இருந்தது.

"சக்கரத்தைக் காணோமே?"

"நம்பிக்கை இல்லாதவங்க கண்ணுக்குத் தெரியாதுன்னு சாமி அப்பவே சொல்லிட்டாரு."

"எழுதிக் குடுத்துட்டு எங்க படுக்கிறது?"

"ராஜாக்கள்லாம் காட்டுல படுக்கலையா?"

"அவங்க போனப்ப, அரண்மனைய எழுதி வாங்கிக்க எந்த முனிவரும் வாசல்ல நிக்கலையே!"

அவர் வேலையில் உட்கார்ந்தார். ஈரத்தோலின் மேல் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. கடை முத்திரை பதிந்தது. இருபது வருடமாகச் செய்கிற வேலை. அவள் அந்த அச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை ஆத்திரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவளும் கிளம்பினாள். மனைவிக்குப் புத்தி வந்துவிட்டதென்று அவருக்கு ஒரே பூரிப்பு. பத்திரம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

பலகையில் அவள் பத்து நிமிடம் நின்றாள். முனி கண்ணை மூடித் தடவினார்.

"ஆஹா! அறுபது வருடம் ஆண்ட சக்கரவர்த்தி!"

"நல்லாத் தடவிப் பாருங்க சாமி. நிச்சயமாத் தெரியுதா?"

"சந்தேகமே இல்லை. எவ்வளவு ஆழமான ரேகை!"

அவள் உட்கார்ந்து, குதிகாலில் நகத்தைக் கொடுத்துப் பாதத்தை உரித்தாள். கூட்டம் அலறியது. பாத அளவுக்கு வெட்டி, பசை போட்டு ஒட்டிய மெல்லிய தோல் அவள் கையில் தொங்கியது.

"இது எருமைத் தோலு சாமி. செவ்வாக்கிழமை வாங்கினது."

முனி ஒரு கணம் யோசித்தார்.

"அந்த எருமை முற்பிறவியில் மன்னராக..."

"அப்ப எருமையக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கய்யா!" என்றார் லாரி டிரைவர்.

செருப்புக்கடைக்காரர் தோலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தொழில்காரரின் விரல் தானாகச் சக்கரத் தடத்தின் ஓரத்தைத் தடவியது.

"இது அச்சு," என்றார் மெதுவாக. "இரும்பு அச்சு. ஒரு பக்கம் தேஞ்சிருக்கு."

போய்ப் பலகையில் விரித்த பட்டுத்துணியை விலக்கினார். பலகையில் காசு அளவுக்கு ஓர் இரும்புச் சக்கரம் புடைத்துக்கொண்டிருந்தது. மனிதக் காலில் பதிந்தால் வீடு போவதற்குள் மறைந்துவிடும்; எருமைத் தோலில் மறையவில்லை. ஊரார் செருப்புக்கெல்லாம் அச்சுக் குத்திய மனிதர், தம் காலில் குத்தியதைக் கண்டுகொள்ளவில்லை. வெட்கத்தில் அவர் முகம் கறுத்துவிட்டது. பத்திரத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

எல்லோரும் பலகையைச் சூழ்ந்த நேரத்தில் ராஜமுனி பின்படிக்கட்டு வழியாக மண்டபத்தைத் துறந்தார். அவர் எதையாவது துறந்தது அன்றுதான் முதல் தடவை.

வங்கிக் குமாஸ்தா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் தெரியுற மாதிரிதாம்மா இருக்கு."

"காலைத் தடவினது போதும் சார்," என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "ஒரு தடவை தலையைத் தடவிப் பாருங்க. அதுவும் உங்களோடதுதான்."