ஜர்ராஹின் காரில் ஐந்து முட்கள்

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் அச்சு இயந்திரம் என்பார்கள். குவைத்தில் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும். ஜர்ராஹின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் கூடுதலாகப் பொருத்தப்பட்ட ஐந்து மீட்டர்கள்.

அவற்றைப் பொருத்தும் பேறு பெற்றவர் மெக்கானிக் கராபெட். பெய்ரூத்திலிருந்து வந்த ஆர்மீனியர். ஷுவைக் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறார். அந்தக் காரின் இன்ஜினைப் பிரித்து, ஒன்பது மாதம் எடுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையால் முறுக்கிக் கட்டியவர் அவர்தான். முதல் முறை அதைக் கிளப்பிய அன்று கதவைச் சாத்திவிட்டுத் தனியாக நின்று கேட்டார். இதுவரை கட்டியதில் இதுதான் நல்லது என்று அவருக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அவர் பரிந்துரைத்தது ஒரே ஒரு மீட்டர்.

"ஆயில் பிரஷருக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்க தம்பி. பிரஷர் விழுந்தா இன்ஜின் செத்துடும். அந்த முள்ளை மட்டும் பாத்துக்கிட்டா போதும்."

ஜர்ராஹ் ஒப்புக்கொண்டான். ஆனால் அவன் ஓர் அமைச்சகத்தில் 'ஒருங்கிணைப்பு'ப் பிரிவில் வேலை பார்ப்பவன். எதையும் தனியாக முடிவுசெய்யும் கெட்ட பழக்கம் அவனுக்கு இல்லை. விஷயத்தைத் தன் திவானியாவின் முன் வைத்தான். செவ்வாய்தோறும் மாலையில் அவன் வீட்டில் கூடும் ஆண்கள் சபை அது. சுவரோரம் மெத்தைகள், ஏலக்காய்க் காபி, பேரீச்சம்பழம், முடிவுகள்.

"ஒண்ணா?" என்றார் அவனுடைய சித்தப்பா அபூ ஷாஹீன். "நாளைக்கு எவனாவது காருக்குள்ள எட்டிப் பார்த்து, ஒத்த மீட்டரைக் கண்டா என்ன நினைப்பான்? இவனுக்கு வேண்டியவங்க யாருமே இல்லபோலன்னு நினைப்பான்."

சபை அதிர்ந்தது.

"ஆயில் பிரஷரை நான் தர்றேன்" என்றார் அபூ ஷாஹீன்.

அந்த நொடியில் விஷயம் பொறியியலை விட்டு விருந்தோம்பலுக்குள் நுழைந்தது. ஒருவர் கொடுத்துவிட்டால் மற்றவர் சும்மா இருக்க முடியாது. கொடுத்ததை ஜர்ராஹ் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கியதை மாட்டாமல் வைக்கவே முடியாது. எதிர் மெத்தையில் இருந்த அபூ நவ்வாஃப் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் மீட்டரை அறிவித்தார். தங்கையின் மாமனார் ஆயில் சூட்டை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் டர்போவை. சபையின் கடைசி மெத்தைக்காரர் அபூ தலாலுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் மூன்று நாள் யோசித்து, கார் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் மீட்டரைக் கொண்டுவந்தார்.

"குவைத்துல என்ன உயரம்?" என்றார் கராபெட்.

"அதான் உஸ்தா, ஒருத்தருக்கும் தெரியல பாருங்க" என்றார் அபூ தலால். கைதேர்ந்த தொழில்காரரை அங்கே உஸ்தா என்றுதான் அழைப்பார்கள்.

ஐந்தையும் ஒரே தட்டில் பொருத்தினார் கராபெட். ஆயில் தீர்ந்தால் எரியும் சிவப்பு விளக்கு, கார் பிறந்தபோதே அதனுடன் வந்தது, அபூ தலாலின் உயரத்துக்குப் பின்னால் மறைந்துபோனது. அந்த விளக்கை யாரும் பரிசளிக்கவில்லை. எனவே யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆயில் மீட்டர்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பித்தளை இணைப்பு. இரட்டைப் பாரத்தை அது தாங்காது, அதிர்வில் விரிசல் விடும் என்று கராபெட் சொன்னார். "இன்ஷா அல்லாஹ் தாங்கும்" என்று சொல்லப்பட்டது.

அடுத்த செவ்வாய் திறப்பு விழா. இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே பார்த்தார்கள். அப்போதுதான் அந்த மகத்தான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. முட்களின் உயரம் ஒன்றுபோல் இல்லை.

"என்னோடதைப் பாருங்கப்பா! முக்கால்ல நிக்குது!" என்றார் அபூ நவ்வாஃப்.

"மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

அபூ ஷாஹீனின் முள் தரையோடு தரையாகக் கிடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அவரைக் கொன்றது.

கராபெட் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து ஜர்ராஹைத் தனியாக அழைத்தார்.

"இணைப்புல விரிசல் விட்டிருக்கு. ஆயில் சொட்டுது. ரெண்டுல ஒரு மீட்டரைக் கழட்டியாகணும்."

"எதை?"

"ஆயில் சூட்டை."

"அது என் தங்கச்சி மாமனார் குடுத்தது."

"சரி, பிரஷரைக் கழட்டிட்டு விளக்கையாவது வெளிய எடுப்போம்."

"அது சித்தப்பா குடுத்தது."

"பெரிய இணைப்பு வரவழைக்கலாம். மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் வண்டியை எடுக்காதே."

"வெள்ளிக்கிழமை முத்லா மேட்டுக்குப் போறோமே உஸ்தா. அபூ தலாலோட முள் இன்னும் ஒரு தடவைகூட அசையல. மனுஷன் சாப்பிட மாட்டேங்குறாராம்."

முத்லாதான் அந்த நாட்டில் ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம். நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம்.

கார் அன்றிரவே கராபெட்டிடம் திரும்பியது. மறுநாள் காலை அபூ ஷாஹீனே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஒர்க்‌ஷாப்பின் உரிமம் அவர் பெயரில் இருந்தது; வெளிநாட்டவர் பெயரில் அங்கே கிடைக்காது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. வந்தால் கராபெட்டின் நாற்காலியில் உட்காருவார், அவ்வளவுதான். உட்கார்ந்தார்.

"என் முள் ஏன் படுத்துக் கெடக்கு?"

"ஆயில் ஒழுகுது. முள் உண்மையைத்தான் சொல்லுது."

"உண்மையைச் சொல்லட்டும்யா. அதை ஏன் படுத்துக்கிட்டுச் சொல்லணும்? அபூ நவ்வாஃபோடது நிமிந்து நிக்குதே?"

"அது இன்ஜின் கொதிக்குதுன்னு அர்த்தம். அது நிக்கவே கூடாது."

"இப்பதான் சரியாப் பேசுறே. அவன் கொடுத்ததும் அவனைப் போலத்தான் இருக்கும்." அபூ ஷாஹீன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். "எழுபதுல வை."

"எதை?"

"முள்ளை. எழுபது மரியாதையான எண். நூறு வேண்டாம், பெருமையடிக்கிற மாதிரி இருக்கும்."

கராபெட் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணு. வண்டி ஓடாதப்பவும் எழுபதுல நிக்கணும். வாசல்ல நிறுத்தியிருக்கும்போதுதானே நாலு பேர் எட்டிப் பாக்குறாங்க. ஓடும்போது எவன் பாக்கப்போறான்?"

தொழில்நுட்ப வரலாற்றில் இவ்வளவு தெளிவான வேண்டுகோள் எந்தப் பொறியாளருக்கும் வைக்கப்பட்டதில்லை. அபூ ஷாஹீன் போன பிறகு கராபெட் சென்சாருக்குப் போகும் ஒயரை வெட்டினார். அரிசி மணி அளவு ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, முள்ளை நேராக பேட்டரியோடு இணைத்தார். எட்டு நிமிடம். முள் எழுந்து எழுபதில் நின்றது. அப்பழுக்கில்லாத வேலை.

ஜர்ராஹிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை போனை எடுத்தார். பிறகு இன்ஜினில் இரண்டு லிட்டர் ஆயில் ஊற்றினார். இன்னொரு கேனைத் தன் பிக்கப்பில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் ஜர்ராஹின் கார். பக்கத்தில் அபூ தலால், முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல். அடுத்து கராபெட்டின் பிக்கப். சபைத் தலைவர் என்ற முறையில் அபூ ஷாஹீன் அதில் ஏறிக்கொண்டார். மற்றவர்கள் பெரிய ஜீப்பில், மச்பூஸ் சோற்று அண்டாவுடன் பின்னால் வந்தார்கள்.

ஏற்றம் தொடங்கிய இடத்தில் கராபெட் சாலையைப் பார்த்தார். சிவப்புக் காரின் கீழிருந்து மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்தினார். ஜர்ராஹ் பதிலுக்கு மூன்று முறை அடித்தான். ஜீப் விடாமல் அடித்தது. எதிரே வந்த லாரிக்காரன் கல்யாணம் என்று நினைத்து அவனும் அடித்தான்.

கராபெட் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"உஸ்தா! நூத்திப் பத்து மீட்டர்! அபூ தலால் அழுவுறாரு!"

"வண்டியை நிறுத்து தம்பி!"

"இன்னும் முப்பது மீட்டர்தான் இருக்கு!"

"ஆயில் போய்க்கிட்டிருக்கு! பிரஷர்... பிரஷரைப் பாரு!"

"பாத்துட்டேன். எழுபது. சும்மா கல்லு மாதிரி நிக்குது!"

பிக்கப்புக்குள் அபூ ஷாஹீன் கண்ணை மூடித் தலையசைத்தார். நல்ல கவிதை கேட்டவர் போல. கராபெட்டின் வாய் திறந்திருந்தது. அது பொய், நான் வைத்த பொய் என்று சொல்ல ஐந்து சொல் போதும். அபூ ஷாஹீன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"உஸ்தா? இருக்கீங்களா?"

"சரி தம்பி" என்றார் கராபெட்.

நூற்று முப்பத்தெட்டாவது மீட்டரில் இன்ஜின் இரண்டு முறை தட்டியது. மூன்றாவது முறை உள்ளே ஏதோ உடைந்தது. பிறகு காற்றின் சத்தம் மட்டும்.

எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள். ஜர்ராஹ் சாவியைத் திருப்பி வெளியே எடுத்தான். டர்போ முள் விழுந்தது. சூட்டு முட்கள் இரண்டும் விழுந்தன. அபூ தலாலின் முள் நூற்று முப்பத்தெட்டில் நின்றது. மேடு அங்கேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆயில் பிரஷர் முள், ஒரு சொட்டு ஆயில் இல்லாத இன்ஜினுக்கு மேலே, எழுபதில் அசையாமல் நின்றது.

"சுப்ஹானல்லாஹ்!" என்றார் அபூ நவ்வாஃப். "இன்ஜின் செத்தும் நிக்குதே!"

"நல்ல பொருள்னா அப்படித்தான்" என்றார் அபூ ஷாஹீன்.

ஜர்ராஹ் மணலில் உட்கார்ந்திருந்தான். "என்ன ஆச்சு உஸ்தா? எல்லா மீட்டரும் சரியாத்தானே காட்டுச்சு?"

"ஆயுசு அவ்வளவுதான் தம்பி" என்றார் கராபெட்.

அண்டாவை இறக்கினார்கள். சோறு இன்னும் சூடாக இருந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் அபூ நவ்வாஃப் கராபெட்டின் அருகில் நகர்ந்து உட்கார்ந்தார். தன் முள்ளையும் அதே மாதிரி எப்போதும் நிற்கும்படி செய்து தர முடியுமா என்று காதோடு கேட்டார். தங்கையின் மாமனாரும் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தக் காருக்கும் சேர்த்துக் கேட்டார்.

கறுப்புக் கோடு சாலையில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த இன்ஜின் எதனால் செத்தது என்று முத்லா மேட்டில் ஒரே ஒருவருக்குத்தான் முழுதாகத் தெரியும். அவர் விரலில் ஒட்டிய சோற்றைத் துடைத்துவிட்டு, சிகரெட் அட்டையைக் கிழித்து, யாருடைய முள் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.