யூரியா வரும், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

"அப்பா, ஆர் இந்த ஜெகதீஸ்வரி? மத்தியானம் சாப்பிட்டியளோ எண்டு கேட்டிருக்கிறா."

கஜனியின் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தபோது ஐயாத்துரை கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. போன் அங்கேதான் இருந்தது. காலையிலிருந்து அது பையை விட்டு இறங்கவேயில்லை.

ஈரக் காலோடு உள்ளே ஓடினார். மகள் மடிக்கணினிக்கு முன்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"என்ர போனுக்கு வந்தது உனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"போன கிழமை உங்கட போனை வாங்கி லப்டொப்போட இணைச்சு விட்டனானெல்லே. உர மானியம் சம்பந்தமான மெசேஜ் உங்கட நம்பருக்குத்தான் வரும். நீங்கள் ஒருநாளும் பாக்கிறேல்லை. இனி உங்களுக்கு வாறதெல்லாம் இதுக்குள்ளயும் வரும்."

"எல்லாமோ?"

"எல்லாம். இதிலயிருந்து பதிலும் போடலாம். சரி, ஆர் இந்த ஜெகதீஸ்வரி?"

ஐயாத்துரைக்கு அறுபத்தொரு வயது. மனைவி இறந்து ஏழு வருடங்கள். நெளுக்குளத்தில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்தான் ஜெகதீஸ்வரி. பளையில் மருமகளோடு இருக்கும் விதவை. பாயாசத்தை இரண்டாம் முறை வாங்கலாமா என்று இருவரும் ஒரே நேரத்தில் யோசித்ததில் தொடங்கிய பழக்கம், ஒன்றரை வருடமாகக் குறுஞ்செய்தியில் வளர்ந்து நின்றது. போனில் கதைக்க வழியில்லை. ஐயாத்துரை போனில் கதைத்தால் நாலு வயல் தள்ளி நிற்பவனும் பதில் சொல்லுவான். ஆகவே எழுத்துத்தான். அதையும் வாசித்த கையோடு அழித்துவிடுவார். பத்து நாட்களுக்கு முன்புதான், 'மிச்சக் காலத்துக்குச் சேர்ந்து இருப்பமோ?' என்று கேட்டிருந்தார். பதிலை நேரில் சொல்வதாக ஜெகதீஸ்வரி எழுதியிருந்தார்.

இதையெல்லாம் பெற்ற மகளிடம் எந்த வாயால் சொல்வது?

"அது... உரக்கடை."

"உரக்கடைக்காரர் சாப்பிட்டியளோ எண்டும் கேப்பினமோ?"

"பழகின வாடிக்கை எண்டால் கேப்பினம்தானே."

கஜனி ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். ஒரு கணக்கில் ஒரு சதம் பிசகினாலும் விடமாட்டாள். தகப்பனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "நல்ல கடை," என்றாள்.

அன்று மாலை ஐயாத்துரை அந்த இணைப்பைக் கழற்ற முயன்றார். போனில் கண்டதையெல்லாம் அமத்தியதில் இணைப்பு அப்படியே இருக்க, போன் முழுக்கச் சிங்களத்துக்கு மாறியது. அதை மறுபடி தமிழாக்கக் கஜனியிடமே போய் நிற்க வேண்டியிருந்தது.

"இனி இதுகளில கை வையாதேங்கோ," என்றாள் அவள்.

ஒன்று மட்டும் கண்டுபிடித்திருந்தார். போனில் அழித்தால் மடிக்கணினியிலும் அழிந்துவிடும். தான் எழுதுவதைச் சுடச்சுட அழித்துவிடலாம். ஆனால் வருவதை? வந்து விழும்போதே மகள் பார்த்துவிடுகிறாளே. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவசரமாக எழுதினார்:

'என்ர மெசேஜ் எல்லாம் மகளுக்குத் தெரியுது. உங்களை உரக்கடை எண்டு சொல்லியிருக்கிறன். இனி நீங்கள் வாறதை யூரியா வருது எண்டு எழுதுங்கோ. ஒருத்தருக்கும் விளங்காது.'

அனுப்பினார். அழித்தார். ஜெகதீஸ்வரி என்ற பெயரையும் 'உரக்கடை' என்று மாற்றினார். அவ்வளவு நிம்மதியாக அவர் தூங்கி வெகுநாளாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மடிக்கணினி டிங் என்றது. கஜனி கதிரையிலிருந்து எழும்பியே விட்டாள்.

"அப்பா! 'வெள்ளி பத்து மணிக்கு ஓமந்தைச் சந்திக்கு யூரியா வரும். நீங்கள் மட்டும் வாங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.' என்னப்பா இது?"

ஐயாத்துரைக்கு அப்போதுதான் உறைத்தது. காலபோக நெற்பயிருக்கு இரண்டாம் உரம் போட வேண்டிய காலம். மூன்று வாரமாக யூரியா இல்லை. ஊர் முழுக்கப் பயிர் மஞ்சள் பத்தி நிற்கிறது. மறைத்துப் பேச உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, அவர் போய் இதைப் பிடித்திருந்தார்.

"அது சும்மா கொஞ்சம் பிள்ளை. எங்கட வயலுக்கு மட்டும்..."

"நாங்கள் மட்டும் போட்டால் மற்றச் சனத்தின்ர பயிர் என்ன செய்யிறது? ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோவாம்! நான் ஊருக்கே சொல்லப் போறன்."

சொன்னாள். மத்தியானத்துக்குள் நூற்றிநாற்பது குடும்பத்துக்கும் தகவல் போய்விட்டது.

ஐயாத்துரை வயலுக்கு நடுவில் போய் நின்று யோசித்தார். ஜெகதீஸ்வரியை வரவிடாமல் தடுத்தால் போதும். எழுதினார்: 'யூரியா இப்ப வேண்டாம்.'

அழிக்க முதல் பதில் வந்து விழுந்தது.

'ஒன்றரை வருசம் ஆசைப்பட்ட யூரியா ஒரு நாளில கசந்திட்டுதோ?'

உடனே அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடி எடுக்கப் போகையில், கையிலிருந்த போனில் அவர் எழுதாத ஒரு செய்தி, அவருடைய பெயரிலேயே கிளம்பிப் போவதைக் கண்டார்.

'மன்னிக்கவும். யூரியா கட்டாயம் வேணும். எவ்வளவு எண்டாலும் எடுப்பம்.'

அவரது பெருவிரல் அந்தரத்தில் நின்றது. அடுத்ததும் போனது.

'நூற்றிநாற்பது குடும்பமும் உங்களைத்தான் நம்பியிருக்கிறம். எல்லாரும் சந்திக்கு வருவம்.'

வீட்டுக்கு ஓடி வந்தார். கஜனி மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தாள்.

"கடைக்காரரைக் கோபப்படுத்திப்போட்டியள் அப்பா. நான் சமாளிச்சிட்டன்."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'ஊருக்கெல்லாம் சொல்லிட்டியளோ? அப்ப சரி. வரும்.'

வெள்ளிக்கிழமை ஓமந்தைச் சந்தியில் தேர்த் திருவிழாக் கூட்டம். வெறுஞ்சாக்கோடு பெண்கள், சைக்கிளோடு ஆண்கள், வீதிக்கரையில் வரிசையாக ஆறு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள். ஐயாத்துரை வெள்ளை வேட்டி கட்டி, பூவரச மர நிழலில் பலிக்கு வந்த ஆடு மாதிரி நின்றார்.

பத்து மணியாயிற்று. லொறி இல்லை. பத்தேகால். அமைப்பின் தலைவர் சங்கிலி அவரிடம் வந்தார். மலைநாட்டிலிருந்து வந்து நாற்பது வருடமாக இங்கே கமம் செய்கிறவர். நியாயத்துக்குப் பேர் போனவர்.

"அண்ணே, யாரு அந்த உரக்கடைக்காரன்? யாருக்கும் சொல்லாதீங்கன்னு எழுதுறான்னா அது நேர்மையான யாவாரமா? கட பேரச் சொல்லுங்க, போய்க் கேப்போம்."

கூட்டம் நெருங்கி வந்தது. கஜனியும் வந்து முன்னால் நின்றாள்.

"சொல்லுங்கோ அப்பா."

ஐயாத்துரை சனத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒரு கலியாண ஆசையைச் சொல்வதைவிட ஒரு களவைச் சொல்வது அவருக்குச் சுகமாக இருந்தது.

"கடை எண்டு ஒண்டும் இல்லை. நான்தான் எனக்கு மட்டும் களவா யூரியா எடுக்கப் பாத்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சந்தி முழுக்க இரைந்தது. கஜனியின் கண் கலங்கிவிட்டது. "நீங்களோ அப்பா?" என்றாள்.

அந்த நேரம் வடக்கிலிருந்து வந்த பஸ் புழுதி கிளப்பி நின்றது. மாம்பழ நிறச் சேலையில் ஒரு அம்மா, ஒரு இளம் பெண்ணின் கையைப் பிடித்து இறங்கினார். இளம் பெண்ணின் மற்றக் கையில் பெரிய பலகாரப் பெட்டி. அம்மா கூட்டத்தின் இரைச்சலைக் கேட்டு ஒரு கணம் தயங்கி நின்றார்.

"ஐயாத்துரை ஐயா நிக்கிறாரோ? எல்லாரும் வருவம் எண்டு எழுதினவர். இவ்வளவு சனம் எண்டு நான் நினைக்கேல்லை."

கஜனி முன்னால் போனாள். "அம்மா, நீங்கள் உரக்கடையோ? யூரியா எங்க?"

ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பைச் சரி செய்தார்.

"நான்தான் பிள்ளை யூரியா."

ஒரு நிமிடம் ஒருவருக்கும் விளங்கவில்லை. முதலில் விளங்கியது சங்கிலிக்குத்தான். வெறுஞ்சாக்கை முகத்தில் பொத்திக்கொண்டு அவர் குலுங்கிய குலுங்கலில் பக்கத்தில் நின்றவர்களுக்கும் விளங்கிற்று. சிரிப்பு லான்ட்மாஸ்டர் வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது.

கஜனி மட்டும் சிரிக்கவில்லை. தகப்பனிடம் திரும்பினாள்.

"கள்ளன் எண்டு ஊருக்கு முன்னால சொல்ல ஏலும். கலியாணம் எண்டு என்னட்டச் சொல்ல ஏலாதோ?"

"வெக்கமாக் கிடந்தது பிள்ளை."

"அம்மா போன பிறகு நீங்கள் தனியச் சாப்பிடுறதை நான் ஏழு வருசமாப் பாக்கிறன் அப்பா. ஆரோ ஒருத்தர் சாப்பிட்டியளோ எண்டு கேக்கிறது எனக்குச் சந்தோசம்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெகதீஸ்வரியின் கையைப் பிடித்தாள். "நீங்கள் என்ன பதில் சொல்ல வந்தனீங்கள் மாமி?"

"பலகாரத்தோட வந்தனான் பிள்ளை. வேற என்ன சொல்ல வந்திருப்பன்?"

யூரியாவுக்கு வந்த சனம் பயத்தம் பணியாரத்தை வாங்கிக்கொண்டது. அடுத்த கிழமை எல்லாரும் சேர்ந்தே போய் உரம் கேட்பதென்று சங்கிலி அங்கேயே முடிவெடுத்தார்.

ஐயாத்துரை மெல்ல அந்த இளம் பெண்ணிடம் நகர்ந்தார். ஜெகதீஸ்வரியின் மருமகள் வினோஜா இவள்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குரலை முடிந்த மட்டும் தாழ்த்தினார். ஆறு லான்ட்மாஸ்டருக்கும் கேட்டது.

"பிள்ளை, உனக்குத் தெரியாமல் இவ்வளவு காலமும் மாமிக்கு எழுதினதுக்குக் குறை நினையாதை."

வினோஜா பணியாரத்தை அவர் கையில் வைத்தாள்.

"மாமிக்கு ரெண்டு வருசமாக் கண் மங்கி எழுத்துப் பிடிபடாது மாமா. 'மருமகள் பாக்க முதல் அழிச்சிடுங்கோ' எண்டு ஒவ்வொருக்காலும் முடிப்பியளெல்லே, அதையும் நான்தான் அவாவுக்கு வாசிச்சுக் காட்டுறனான்."