பெரியப்பாவைக் கொன்ற வீட்டுப்பாடம்

நான் ஒரு கொலை செய்திருக்கிறேன். செத்தவர் என் பெரியப்பா. தொண்ணூறு வயதாகும் அவர் இன்றைக்கும் பினாங்கு ஆயர் ஈத்தாம் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய்க்கு இரண்டாவது கிண்ணம் குழம்பு கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் கடைசி. பாயான் பாரு தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்த பட்டதாரியான எனக்கு, நான் பிறவி எழுத்தாளன் என்று நினைப்பு. (அந்த நினைப்பு எனக்கு மட்டும்தான்.) இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று படைப்பிலக்கிய முதுகலைப் படிப்பை இணையம் வழியாகவே நடத்துகிறது என்று தெரிந்ததும் சேர்ந்துவிட்டேன். கதை எழுதவா மாஸ்டர்ஸ், பொய் சொல்லத்தான் உனக்குச் சின்ன வயசிலேயே வருமே என்றார் அம்மா.

முதல் பயிற்சி, நன்றாகத் தெரிந்த ஒருவரின் மரணத்தை உறவினருக்கு எழுதும் கடிதமாகச் சொல்வது. அழுகை கூடாது. ஆசிரியருக்கும் சக மாணவர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். நான் பெரியப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். பாசாருக்கு மீன் வாங்கப் போனவர் பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. உண்மைத்தன்மை வேண்டும் என்று பெயரைக்கூட மாற்றவில்லை. எழுதி முடித்ததும் எனக்கே மெய்சிலிர்த்தது.

பினாங்கில் எங்கள் குடும்பத்துக்கு என் கணினிதான் தபால் நிலையம். டொரோண்டோ, லண்டன், சிட்னி என்று சிதறிக் கிடந்த சொந்தங்களின் முகவரிகள் எல்லாம் அதில் ஒரே பட்டியலாக இருந்தன. அதற்கு நேர் கீழே மாணவர் பட்டியல். நான் ஒரு வரி மேலே தட்டிவிட்டு, மேதைகளுக்கே உரிய பசியோடு மீ கோரேங் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது ஃபோன் அலறிக்கொண்டிருந்தது. டொரோண்டோவிலிருந்து சித்தி.

"எப்ப தம்பி எடுக்கிறீங்க?"

"எதை சித்தி?"

"பெரியப்பாவைத்தான்."

அங்கே அப்போது காலை. அவர் மகள் கலாவுக்குப் பொன்னுருக்கு. தாலிக்கான பொன்னை நல்ல நேரத்தில் உருக்க ஆசாரி வந்து உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. பொன்னும் உருகாது, தாலியும் இல்லை, அடுத்த வாரக் கல்யாணமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது வெறும் கதை சித்தி, வீட்டுப்பாடம் என்று கத்தினேன். அதிர்ச்சியில் பிள்ளைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சித்தி பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. நல்ல நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

பெரியப்பா வீட்டு ஃபோனோ ஓயாமல் என்கேஜ். மோட்டார் சைக்கிளில் ஆயர் ஈத்தாமுக்குப் பறந்தேன். கலா கல்யாணம் நின்றால் இந்த ஜென்மத்தில் யார் முகத்திலும் முழிக்க முடியாது.

கதவைத் திறந்தவர் பெரியப்பாதான். கைலியோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். லண்டன் அத்தை கூப்பிட்டு அழுதாராம். அண்ணன் தம்பிகளுக்கு ஒரே குரல் என்பதால், இவரை என் அப்பா என்று நினைத்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். இவரும் பதிலுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். அழுகிறவரிடம் யார் செத்தது என்று கேட்பது மரியாதை இல்லையாம். ஆனால் துடக்கு துடக்குத்தானே? ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

"யாருடா போனது?" என்றார்.

"நீங்கதான் பெரியப்பா."

துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அப்ப நான் குளிச்சிருக்க வேணாம் லா."

டொரோண்டோவுக்கு ஃபோன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். நான்தான் குரலை மாற்றிப் பேசுகிறேன் என்று சித்தப்பாவுக்குச் சந்தேகம். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டேய், மரியாதையா பொன்னை உருக்கு. இல்லாட்டி நெசமாவே செத்துருவேன்."

அந்த அதட்டலைச் சித்தப்பா ஐம்பது வருடமாகக் கேட்டு வளர்ந்தவர். அந்தப் பக்கம் அவர் ஓவென்று அழுதார். இந்தப் பக்கம் நானும் அழுதேன். நேரம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது பொன் உருகியது.

அன்றிரவே சரியான பட்டியலுக்கு அனுப்பிவைத்த என் கடிதத்துக்கு மறுவாரம் ஆசிரியரின் மதிப்பீடு வந்தது. ஃபெயில். இந்த மரணம் நம்பும்படியாக இல்லை, யாரையும் அசைக்காது என்று எழுதியிருந்தார். மூன்று கண்டங்களில் முப்பது பேர் தலைமுழுகியிருந்தார்கள்.

எப்படியோ பட்டம் வாங்கிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டு விசேஷங்களில் என்னை எழுத்தாளர் என்று யாரிடமாவது அறிமுகப்படுத்தினால் போதும், பெரியப்பா பந்தியிலிருந்தே குரல் கொடுப்பார்.

"என்னைக் கொன்னான் லா. அதுலயும் ஃபெயிலு."