கல்லில் வெட்டிய பி.ஏ.

பொய் சொல்லாதவர் யாருமில்லை. ஆனால் வாயால் சொன்ன பொய்யை மறுத்துவிடலாம், காகிதத்தில் எழுதியதைக் கிழித்துவிடலாம். நான் சொன்னது கருங்கல்லில். எங்கள் ஊர் வாசகசாலைச் சுவரில் இன்றைக்கும் பதிந்து கிடக்கிறது. போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழி சொல்ல மாட்டேன்.

பி.ஏ. வரலாறு கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த சமயம் அது. பழைய வாசகசாலையை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கமிட்டித் தலைவர் என் சித்தப்பா. (ஊரில் எந்தக் கமிட்டி என்றாலும் அவர்தான் தலைவர். கமிட்டி இல்லாவிட்டால் ஒன்றை உண்டாக்கித் தலைவராகிவிடுவார்.) புத்தகங்களையெல்லாம் தூசி தட்டி, தும்மித் தும்மி, எண் போட்டு அடுக்கியது நான்.

திறப்பு விழாக் கல்லில் வெட்ட வேண்டிய பெயர்ப் பட்டியலை எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் சித்தப்பா எழுதினார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் படிப்பு. அவர் மகன் பிரதீஷ், பி.இ. அவன் வாசகசாலைக்குள் கால் வைத்ததே போனைச் சார்ஜ் போடத்தான்! கடைசி வரியில் என் பெயர், மொட்டையாக.

“சித்தப்பா, எனக்க படிப்பு எங்க?”

“அது பி.ஏ. தானே மக்களே. அதைப் போட்டா நமக்குத்தான் கொறச்சல்.”

“வரலாறு படிச்சா என்ன கொறச்சல்?”

“அசோகர் மரம் நட்டாரு. செரி. அதை எத்தனை வருஷம் படிப்பே?”

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. மூன்று வருடமாகக் கல்யாண வீடு, துட்டி வீடு பாகுபாடில்லாமல் என்னை மறித்துக் கேட்ட கேள்வி, “பி.ஏ. படிச்சா என்ன கிட்டும்?” பி.இ. முடித்துவிட்டு அதே மூன்று வருடமும் சோபாவில் கிடந்த பிரதீஷிடம் ஒரு மனிதர்கூடக் கேட்டதில்லை. அன்றைக்குப் பொங்கிவிட்டேன்.

“மனுசனை யோசிக்க வைக்கது கலைப் படிப்புதான். யாரு சொன்னா, எதுக்குச் சொன்னா, சான்று என்னன்னு கேக்கச் சொல்லித் தருது. அது இல்லாமத்தான் ஊரு இப்பிடிக் கெடக்கு!”

சித்தப்பா டீயை ஆற்றினார். அம்மா, “ஏட்டி, மெள்ளப் பேசு. ரோட்டுக்குக் கேக்கு” என்றாள்.

வேலைவெட்டி இல்லாதவள் நான் ஒருத்திதான் என்பதால் (பிரதீஷ் வேலைக்கு ‘அப்ளை பண்ணிக்கொண்டிருந்தான்’) பட்டியலைக் கல்வேலைக்குப் பேர்போன மயிலாடிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பஸ்ஸில் பேனாவை எடுத்து என் பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ. (வரலாறு)’ என்று சேர்த்தேன். கோபம் அடங்கவில்லை. ‘முதல் வகுப்பு’ என்றும் சேர்த்தேன்.

கல்லில் எழுத்துக் கொத்துகிற அண்ணாச்சி பட்டியலை இரண்டு தடவை வாசித்தார்.

“ரிசல்ட் வந்தாச்சா மக்களே?”

“வந்த மாதிரிதான்.”

“மாதிரின்னா?”

“நீங்க கொத்துங்க அண்ணாச்சி.”

“கொத்துகேன். பொறவு அழிக்கச் சொல்லப்பிடாது. இது கல்லாக்கும்.”

திறப்பு விழாவுக்கு என் பேராசிரியையே சிறப்பு விருந்தினர். ஒற்றைக் காலில் நின்று நான்தான் அழைக்க வைத்தேன். துணியை விலக்கினார்கள். பட்டியலிலேயே நீளமான வரி என்னுடையது! சித்தப்பா சபையில் வைத்துத் திட்ட முடியாமல் பல்லைக் கடித்தார். அம்மா கண்ணைத் துடைத்தாள். நான் கழுத்து வலிக்கிற அளவுக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குத்தான் பரீட்சை முடிவு வருவதாக இருந்தது. அம்மா ஆசையாசையாக என் நம்பரைப் பிரதீஷிடம் கொடுத்திருந்தாள். அவன் போனைத் தூக்கிப் பிடித்தபடி மேடைக்கே வந்துவிட்டான்.

“ஏட்டி, ரிசல்ட் வந்தாச்சு! ஒண்ணு போச்சு!”

மைக் ஆனில் இருந்தது.

“எது?” என்று கேட்டார் பேராசிரியை.

“வரலாற்று வரைவியல்” என்று எழுத்துக் கூட்டி வாசித்தான் அந்தப் பாவி. “இருபத்தாறு மார்க்கு.”

வரலாற்றை எப்படி எழுதுகிறார்கள், ஒரு சான்றை, குறிப்பாக ஒரு கல்வெட்டை, எப்படிச் சந்தேகப்பட்டுச் சோதிப்பது என்று சொல்லித் தருகிற பாடம் அது. நடத்தியவர் அந்தப் பேராசிரியைதான். கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பாடத்தைப் படிக்கலேன்னாலும் உதாரணத்தை நல்லா செஞ்சிருக்கே” என்றார்.

எழுத்தை அழிக்கக் கொத்தினால் குழிதான் விழும் என்று அண்ணாச்சி கையை விரித்துவிட்டதால், என் வரியை மறைத்து ஒரு காலண்டரைத் தொங்கவிட்டார்கள். மின்விசிறி போட்டால் காலண்டர் ஆடும். முதல் வகுப்பு எட்டிப் பார்க்கும்.

ஒரு வாரம் சித்தப்பாவையும் பிரதீஷையும் திட்டித் தீர்த்தேன். அதற்கப்புறம் திட்ட ஆளில்லாமல் என்னிடம் வந்து நின்றது கோபம். உண்மையைச் சொல்கிறேன்: அந்தப் பாடப் புத்தகத்தை நான் திறந்தே பார்க்கவில்லை. ராஜா இல்லை, போர் இல்லை, வருடம் இல்லை, இதைப் படித்து என்ன கிட்டும் என்று தூக்கிப் போட்டிருந்தேன். சித்தப்பா கேட்ட அதே கேள்வி! அவராவது வெளியாள். உள்ளே இருந்துகொண்டு அந்தப் படிப்பைக் கேவலமாக நினைத்தவள் நான். அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது. மயிலாடி அண்ணாச்சி ஒரு பாடமும் படிக்காமல் சான்று கேட்டாரே, அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என் பட்டத்தை.

ஆறு மாதம் அந்தக் காலண்டருக்கு அடியிலேயே உட்கார்ந்து புத்தகத்தைப் படித்தேன். அரியரை முடித்தேன். மேலே படித்து, இப்போது ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். அட்மிஷன் நாட்களில் வரலாறு வேண்டும் என்று நிற்கிற பிள்ளைகளை, “வேற ஒண்ணும் கிட்டாதவங்க படிக்கதாக்கும் இது” என்று கையைப் பிடித்து இழுத்துப் போகிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தப்பா தினம் ஒரு பழம்பெருமை அனுப்புவார். “சான்று எங்க சித்தப்பா?” என்று கேட்பேன். பதிலுக்கு என் கல்லின் போட்டோ வரும். மொத்தக் குடும்பமும் சிரிக்கும்.

போன மாதம் மாமா ஒருவர் ஏதோ கல்வெட்டுப் பெருமையை அனுப்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா பதில் போட்டார்: “கல்லுல இருந்தா நம்பணுமா? யாரு வெட்டினா, எதுக்கு வெட்டினான்னு கேளும் ஓய். எங்க வீட்டுலயே அனுபவம் உண்டு.” மூன்று வருடமும் ஒரு அரியரும் கொடுத்து நான் படித்ததை அந்த மனிதர் ஓசியில் படித்திருக்கிறார்! சரி, திருந்திவிட்டார் என்று நினைத்தால், மறுநாளே பக்கத்து வீட்டுப் பெண்ணை மறித்து, “வரலாறா? என்ன கிட்டும் மக்களே?” என்று கேட்டாராம்.

“கல்லுல பேரு கிட்டும் தாத்தா” என்றாளாம் அவள்.

வீட்டில் இப்போது அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவள் சேர்ந்திருப்பது எங்கள் கல்லூரியில். வரைவியல் புத்தகத்தைத் திறக்காமல் வந்து என் முன்னால் உட்காரட்டும், அப்போது இருக்கிறது அவளுக்கு.