புரட்டாசி விரதம் இருந்த பிரானா

நாய் வளர்த்துத் தெருவை மிரட்டியவர்களை எங்கள் ஈப்போ நகரம் பார்த்திருக்கிறது. சேவல் வளர்த்துக் காவல் நிலையம்வரை போனவர்களும் இங்கே உண்டு. ஆனால் ஒரே ஒரு மீனை வளர்த்து, ஒரு தாமான் குடியிருப்பு முழுவதையும் அச்சத்தில் வைத்திருந்தவர் பிரானா அண்ணே மட்டுமே. அவருக்கு இயற்பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்குக்கூட அது தேவைப்பட்டதில்லை.

தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் பேருந்தின் ஓட்டுநர் அவர். ரப்பர் தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது, தொழிலாளர் லயத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வந்தவர். தோட்டத்தில் அவர் இன்னாருடைய மகன் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இங்கே பல ஆண்டுகள் அவர் வெறும் கடைசி வீட்டுக்காரர். அந்த நிலையை மாற்றியது, மீன்கடைச் சீனர் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த, உள்ளங்கையில் அடங்கும் சிவந்த வயிற்று மீன் ஒன்று. "சின்னதுலா, ஆனா ரொம்ப காராங்" என்று கடைக்காரர் சொன்னாராம். மூர்க்கத்துக்கு மலாயில் காராங் என்று பெயர்.

அது சதையைக் கடித்துத் தின்னும் பிரானாதான் என்று முடிவுகட்டி, அண்ணே அன்றே ஆயத்தமானார். வரவேற்பறையில் தொலைக்காட்சி இருந்த இடத்தில் கண்ணாடித் தொட்டி வந்தது. தொலைக்காட்சி சமையலறைக்குப் போனது. தொட்டியின்மேல் பலகை, பலகையின்மேல் ஆட்டுக்கல் குழவி. 'நாய் ஜாக்கிரதை' என்ற பொருளில் மலாயில் எழுதிய பலகை ஒன்றை வாங்கி, நாயை வெள்ளைச் சாயத்தால் அழித்து, மீனை எழுதி வாசல் கம்பிக்கதவில் மாட்டினார். வீட்டுக்குள் வருபவர் முதலில் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். "மினுமினுப்பப் பாத்தா அதுக்கு வெறி வந்துரும்" என்பார். ஒருமுறை விரலில் பெரிய கட்டுடன் பேருந்து ஓட்டினார்; காரணம் கேட்டவர்களிடம் மெல்லச் சிரித்தார். சார்டின் டின் கிழித்த காயம் அது என்று அவருடைய மனைவி, எங்கள் எல்லாருக்கும் அக்கா, பின்னொரு நாள் சொன்னார்.

அந்தச் சமயம் எங்கள் தெருவில் திருடர்கள் சில வீடுகளில் புகுந்தார்கள். கடைசி வீட்டை மட்டும் தொடவில்லை. அதன்பின் வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அண்ணேயிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். தொட்டிக்கு மேலே ஆணி அடித்துச் சாவிகளை வரிசையாக மாட்டினார். மாலையில் சாவிக்குரிய வீடுகளின் பூட்டுகளை இழுத்துப் பார்த்தபடி தெருவை ஒரு சுற்று நடப்பார். அந்த நடையில் ஒரு காவல்துறை அதிகாரியின் கம்பீரம் இருந்தது.

அப்போது நான் சுற்றுச்சூழல் படிப்பை முடித்துவிட்டுக் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். எதையும் விளைவுகளோடு சேர்த்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. கடைசி வீட்டின் பின்புறக் கால்வாய் நேராகக் கிந்தா ஆற்றில் கலக்கிறது. வெள்ளம் வந்து தொட்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்? தவிரவும், பிரானா வளர்க்க இந்நாட்டில் தடை இருக்கிறது. இதையெல்லாம் முறையாக எடுத்துச் சொன்னேன். தன் மீனுக்கு அரசாங்கமே பயப்படுகிறது என்ற செய்தியை அன்று மாலைக்குள் தெரு முழுவதும் பரப்பிவிட்டார்.

குஞ்சாக இருக்கையில் பிரானாவுக்கும் அதன் உறவான பாச்சு மீனுக்கும் வயிறு சிவப்புத்தான். பாச்சு பெரும்பாலும் பழமும் இலையும் தின்பது. பல்லைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம், பிரானாவுக்கு ரம்பம்போல முக்கோணப் பல், பாச்சுவுக்கு மனிதப் பல் என்று விளக்கி, பல்லைக் காட்டும்படி கேட்டேன்.

அண்ணே என் தோளில் கை வைத்தார். "பல்லப் பாத்தவன் எவனும் திரும்பி வந்து சொன்னதில்ல தம்பி."

புரட்டாசி வந்தது. மாதம் முழுவதும் அந்த வீட்டில் சைவம். மீனுக்குப் போடும் கோழி ஈரல்கூட வாசலைத் தாண்டக் கூடாது என்று அக்கா அறிவித்தார்.

"மீனு என்னா இந்துவாலா?" என்று அண்ணே மன்றாடினார்.

"இந்த வீட்டுலதான இருக்கு? அப்ப சைவந்தான்."

மீன் மறுப்பேதும் சொல்லவில்லை. காங்கோங் கீரை, பயற்றங்காய், கோயில் வாழைப்பழம் என்று எது விழுந்தாலும் தீர்த்தது. மாத முடிவில் அது சோற்றுத் தட்டின் அகலத்துக்கு வளர்ந்திருந்தது. பசிக் கோபத்தில் உடம்பு ஊதுகிறது என்றார் அண்ணே. எனக்கு ஐயம் வந்தது.

தீபாவளி விருந்துக்குத் தெருவே அந்த வீட்டில் கூடியிருந்தது. அக்கா கீரை போட்டுவிட்டுப் பலகையை மூட மறந்திருந்தார். மூலை வீட்டில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் எட்டிப் பார்த்தபோது, அவருடைய தட்டிலிருந்து முறுக்கு ஒன்று தொட்டிக்குள் விழுந்தது. அண்ணே எல்லாரையும் பின்னுக்குத் தள்ளினார். மீன் மேலே வந்து, வாயைத் திறந்து, முறுக்கைக் கடகடவென்று மென்றது. உள்ளே வரிசையாக, சதுரமாக, பல்செட்டுப்போல மனிதப் பற்கள்.

கோப்பெங்கில் பழைய ஈய லம்பக் குளத்தில், அதாவது கைவிட்ட சுரங்கக் குழியில், மீன் வளர்க்கும் அண்ணேயின் சீன நண்பர் ஒருவரும் வந்திருந்தார். இது பாச்சு என்றும், தம்மிடம் நிறைய இருப்பதாகவும், இஞ்சி போட்டு நீராவியில் வேகவைத்தால் அருமையாக இருக்கும் என்றும் நல்லெண்ணத்தோடு சொன்னார். முதலில் டீச்சர் சிரித்தார். பிறகு எல்லாரும். நானும் சிரித்தேன். அண்ணேயும் சிரிக்க முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. அவர் தொட்டியருகே மேசையில் கிடந்த குழவியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் போனதைப் பார்த்தபோதுதான் எங்கள் சிரிப்பு நின்றது.

மறுநாள் வாசலில் பலகை இல்லை. தொட்டியின்மேல் பழைய சாரோங் கிடந்தது. அண்ணே வீடு வீடாகப் போய்ச் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தார். என் வீட்டுச் சாவியை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. "காவல் ஒன்னும் இல்ல தம்பி. நீங்களே வச்சுக்குங்க" என்றார்.

சில நாள் கழித்து வாளியோடு வந்தார். உள்ளே மீன், வாளியின் வட்டத்துக்குள் வளைந்து கிடந்தது.

"ஆத்துல வுட்டா குத்தமா?"

அயல்நாட்டு உயிர் ஆற்றில் கலந்தால் இங்கேயே உள்ள மீன்களுக்கு நேரும் பாதிப்பை நான் வரிசையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப கொழம்புதானா? ஒங்க அக்கா ஒத்துக்க மாட்டா. கையால சோறு போட்டு வளத்தது." வாளியைத் தூக்கிக்கொண்டார். "அதுக்கும் போக எடமில்ல, என்ன?"

வாளியோடு தம் வீட்டுக்கே திரும்பி நடந்தார்.

பள்ளி விடுமுறையில் டீச்சர் மகளைப் பார்க்கச் சித்தியவானுக்குப் புறப்பட்டார். பெட்டியைக் காரில் வைத்துவிட்டு, சாவியோடு கடைசி வீட்டு வாசலில் போய் நின்றார். வழியனுப்ப வந்த நானும் உடன் நின்றேன். அண்ணே கதவுக்கு வெளியே வரவில்லை.

"எதுக்கு டீச்சர்? அது கீர திங்கிற மீனு."

"நான் என்னா மீன்கிட்டயா சாவி குடுத்தேன்?" என்றார் டீச்சர். "சாயங்காலம் பூட்ட இழுத்துப் பாத்தது மீனா? புடிங்கண்ணே, நேரமாச்சு."

அண்ணே கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே போனார்; சாவியை ஆணியில் மாட்டும் ஓசை கேட்டது. அடுத்த வாரம் வாசல் பலகை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தெருவில் யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இப்போது எனக்குத் தஞ்சோங் மாலிமில் வேலை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரு கோப்பை தேநீர் உண்டு. பொய் சொல்வது எனக்கு வராது. அதனால் மீனைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. வாசலில் செருப்பை விடும்போதே, அண்ணே கேட்பதற்கு முன்னால், மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.